வீட்டிற் சரித்திரம் கற்பித்தல்

சரித்திரம் என்னுஞ் சொல் எம்மவர் வழக்கில் இரண்டு பொருளில் வழங்கி வந்துள்ளது. ‘இலங்கைச் சரித்திரம்’ என்றோம். ‘ஆறுமுகநாவலர் சரித்திரம்’ என்றும் சொன்னோம். முன்னையது ஒரு நாட்டின் கதை. பின்னையது ஒரு மனிதரின் கதை. பின்னர் அச்சொல்லை விடுத்து வரலாறு என எழுதத் தலைப்பட்ட காலத்தும் இவ்விரண்டையும் நாம் வேறு பிரித்தோமல்லோம். ‘வாழ்க்கை’ என்ற ஓர் அடையை முன்னே வைத்ததோடு நின்றுவிட்டோம். பிள்ளைகளுக்குச் சரித்திரம் புகட்டுதற்கு எளிய வழி யாது என வினவுவோர்க்கு இச்சொல்வழக்கே பாதி விடையைத் தந்துவிடுகின்றது. மற்றைப் பாதி அத்துணை எளிதன்று. அதனைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம்.

எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று பல தேசங்களிற் பரந்து வாழ்கின்றனர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் அவர்தம் பிள்ளைகள் பாடசாலையிற் பயிலும் சரித்திரத்தில் எம் ஊர்ப் பெயர் ஒன்றேனும் வருதல் அரிது. சிலர் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டில் வைத்தே கற்பிக்கின்றனர். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பெற்றோர்க்கு அதற்கு இடமளிக்கின்றது. எமது நாட்டிலும் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீடுகள் யாவும் பள்ளிகளாயின. அதற்கு முன்னரும், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர வெளியேறிய பின்னர், எத்தனையோ குடும்பங்களில் தாயும் தந்தையுமே ஆசிரியராக நேர்ந்தது. கணக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். கையிற் புத்தகமின்றிச் சரித்திரம் சொல்லப் புகுவோர்க்கு மனிதர் கதையன்றி வேறு துணை இல்லை. ஜவகர்லால் நேரு 1930 முதல் 1933 வரை பல சிறைச்சாலைகளில் இருந்தவாறு தம் மகளுக்கு எழுதிய 196 கடிதங்கள் உலக சரித்திரமாக வெளிவந்தமையை அறியாதார் இலர். நூல்நிலையம் அருகில் இல்லாத அத்தந்தைக்கும் அசோகனும் செங்கிஸ்கானும் போன்றோர் வாழ்க்கைகள் கைகொடுத்தமையை அந்நூலைப் புரட்டுவோர் காண்பர்.

இம்முறை எமக்குப் புதியதுமன்று. கோயில்களிற் புராணபடனம் நடக்கும்போது ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, பாட்டியின் மடியிற் கிடந்து கேட்ட பிள்ளைகள் நாயன்மார் அறுபத்துமூவரின் சரிதங்களை எழுத்தறியு முன்னரே அறிந்திருந்தனர். அவர்கள் அதனைச் சமயம் என்று கேட்டனர். ஆயினும் பல்லவர் காலத்து ஊர்களும் தொழில்களும், குயவரும் வண்ணாரும் வேடரும் செக்காட்டுவோரும் அக்கதைகளோடு சேர்ந்தே அவர்தம் மனத்திற் பதிந்தனர். நாவலர் 1852ஆம் ஆண்டிலே பெரியபுராணத்தை வசனநடையில் அச்சிட்டதும் செய்யுள் விளங்காத வீடுகளுக்கு அச்சரிதங்கள் சென்று சேர்தற்பொருட்டேயாம்.

ஆனால், பக்தியோடு கேட்கும் சரிதம் வேறு, ஆராய்ந்து கேட்கும் சரித்திரம் வேறு. இவ்வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எங்ஙனம் உணர்த்துவது? சூத்திரம் சொல்லி உணர்த்த முடியாது. ஒரு கதையை இரண்டு நூல்களிலிருந்து எடுத்து அருகருகே வைத்தால் பிள்ளை தானே உணரும்.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதை எம் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. பெரியபுராணத்திலே திருவாரூர்ச் சிறப்புக் கூறுமிடத்து அது மனுநீதிச் சோழன் செயலாக வருகின்றது. அரசன் தன் மைந்தன்மீது தானே தேரைச் செலுத்துகின்றான்; இறைவன் தோன்றி யாவரையும் உயிர்ப்பிக்கின்றார். சிலப்பதிகாரத்திலும் கண்ணகி பாண்டியன் அவையில் இச்செய்தியைச் சுட்டுகின்றாள். இனி மகாவம்சத்தைத் திறந்தால் அதே பசு, அதே கன்று, அதே தேர், அதே மணி. அரசன் மட்டும் அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டு ஆண்ட எல்லாளன். அங்கே மைந்தன் தலை தேர்க்காலினால் அறுபடுகின்றது, உயிர்த்தெழுதல் இல்லை. பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது. மகாவம்சமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. இரண்டையும் ஒரே மாலையில் வாசித்துக் காட்டினால் பிள்ளை கேட்கும் முதற் கேள்வி, ‘உண்மையில் இதைச் செய்தவர் யார்?’ என்பதாகும். அக்கேள்விக்கு நாம் விடை சொல்ல விரைதல் கூடாது. ஒரு நாட்டில் நல்லரசன் ஒருவனைப் புகழ வேண்டியபோது மக்கள் எந்தக் கதையைத் தேடி எடுத்தனர், அதே கதையை மற்றொரு நாட்டவர் ஏன் தம் பகையரசன்மேலும் ஏற்றிச் சொன்னார் என்று பிள்ளையோடு சேர்ந்து சிந்தித்தல் வேண்டும். சரித்திர ஆராய்ச்சி என்பது அங்கேதான் தொடங்குகின்றது.

எல்லாளன் கதையை இடையில் நிறுத்துதலும் தகாது. அவனைப் போரில் வென்ற துட்டகைமுனு, அவனுக்கு உரிய ஈமக்கடன் செய்வித்து, நினைவுச் சின்னம் எழுப்பி, அவ்விடத்தைக் கடப்போர் வணங்கிச் செல்லுமாறு பணித்தான் என்றும், பின்வந்த அரசரும் அவ்விடம் வந்ததும் வாத்திய முழக்கத்தை நிறுத்தினர் என்றும் கூறுவதும் அதே மகாவம்சமே. துட்டகைமுனுவைப் போற்றுதற்கு எழுந்த நூல் அவன் பகைவனை நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒப்ப நீதி வழங்கியவன் என்கின்றது. இத்தீவிலே ஒரு சாரார் பிள்ளைகள் துட்டகைமுனுவை மட்டும், மறு சாரார் பிள்ளைகள் எல்லாளனை மட்டும் வீரனாகக் கேட்டு வளர்ந்ததன் விளைவு யாதென்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒருவன் வாழ்க்கையைத் தனியே எடுத்துச் சொன்னால் அது சரித்திரமாகாது, கொடியாகிவிடும். வாழ்க்கை வரலாறுகளைக் கொண்டு கற்பித்தலில் உள்ள பேராபத்து இதுவே.

இந்த ஆபத்துக்கு மருந்தைப் பண்டைக் கிரேக்க ஆசிரியர் புளூட்டாக் தம்மையறியாதே காட்டிச் சென்றார் என்று நாம் கருதுவதுண்டு. அவர் கிரேக்கர் ஒருவரையும் உரோமர் ஒருவரையும் இணைத்து இணைத்தே எழுதினார். அலெக்சாந்தருக்குச் சீசரும், தெமொஸ்தனிசுக்குச் சிசரோவும் இணையாயினர். தாம் எழுதுவது சரித்திரமன்று, வாழ்க்கைகளே என்று அவர் சொல்லிக்கொண்டபோதிலும், இருவரை ஒப்பிடப் புகுந்தவுடன் அவர்கள் வாழ்ந்த நாடுகளையும் காலங்களையும் ஒப்பிடாதிருக்க இயலாது போயிற்று. எமது நாட்டவரான சைமன் காசிச்செட்டி 1859ஆம் ஆண்டிலே தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலுக்குத் ‘தமிழ் புளூட்டாக்’ என்றே பெயரிட்டார். பெயரை எடுத்துக்கொண்டவர் இணைக்கும் முறையை எடுத்துக்கொண்டாரில்லை என்பது எமது சிறு குறை.

யாழ்ப்பாணத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பிள்ளைக்குக் கற்பிக்க விரும்புவோர்க்கு இதைவிட வாய்ப்பான இணை கிடையாது என்று துணிந்து ஓர் இணையைக் கூறுவோம். ஆறுமுகநாவலர் 1822ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் நல்லூரிற் பிறந்தார். அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டின் கடைசி நாளில் நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டில் நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கிறீன் மானிப்பாயில் வைத்தியப் பணியில் அமர்ந்தார். இருவர்க்கும் வயது இருபத்தைந்து, இருபத்தாறு. ஒருவர் கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்தவர். மற்றவர் அதனைத் தடுக்க எழுந்தவர். இதனோடு நிறுத்தினால் இஃது ஒரு மற்போர்க் கதையாகும். ஆனால் மேலே செல்லுங்கள்.

நாவலர் சைவராக இருந்தவாறே பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, அவருக்கு வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்கத் துணைபுரிந்தவர். அச்சுப் புத்தகத்தின் வலிமையை அவர் கண்டறிந்த இடமும் அதுவே. 1849ஆம் ஆண்டு சென்னபட்டணம் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். அப்பிரயாணத்திற்றான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை அளித்தது. ‘பள்ளிக்கூடம் வைத்தவர் அச்சுக்கூடமும் ஏன் வைத்தார்?’ என்று பிள்ளையிடம் கேளுங்கள். விடை வராவிடின், ஒரு பாடத்தை இருபது பேருக்குக் கையால் எழுதிக் கொடுக்கும்படி சொல்லுங்கள். மூன்றாவது பிரதி முடியு முன்னர் விடை வந்துவிடும். பாலபாடங்கள் பிறந்த காரணத்தை இதனினும் தெளிவாக எப்புத்தகமும் விளக்காது.

கிறீன் வைத்தியரோ தாம் கொணர்ந்த வைத்தியத்தை ஆங்கிலத்திற் கற்பிப்பது பயன்தராது எனக் கண்டு, தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். மாணாக்கர் துணையோடு உடற்கூற்று நூலும், இரண வைத்திய நூலும், பிறவும் தமிழில் வெளிவந்தன. அவற்றின் பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டன. கலைச்சொற்களை ஆக்கியபோது வடமொழியையும் வழக்குத் தமிழையும் எங்கெங்கு எடுத்தாள்வது என்று அவர் பட்ட பாடு, இன்றும் விஞ்ஞானம் தமிழில் எழுதப் புகுவோர் படும் பாடேயாம். மதத்தால் எதிரெதிரே நின்ற இருவரும் ஒரே பத்தாண்டில் ஒரே மொழியின் வசனநடையை, ஒருவர் சமயத்துக்கும் மற்றவர் வைத்தியத்துக்குமாக, உருவாக்கிக்கொண்டிருந்தனர் என்பதைப் பிள்ளை கண்டுகொள்ளும் நேரத்தில், அக்காலத்து யாழ்ப்பாணம் அதன் கண்முன் நிற்கும். இவ்விருவர்க்கும் இடையிற் பாலமாகச் சி. வை. தாமோதரம்பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம். சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்து, அமெரிக்க மிசனாரின் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான அவர், நாவலர் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை 1868இற் பதிப்பித்தார். 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். செமினரியின் படிப்பும் சைவத்தின் ஏடும் ஒருவரிடத்தே கூடியதன் பயன் அது.

இவர்களைப் பிள்ளையின் மனத்தில் நிறுத்துதற்கு நாம் பரிந்துரைப்பது ஒரு நீண்ட கடதாசிச் சுருளேயாம். ஆண்டொன்றுக்கு ஒரு விரற்கடையாகக் கோடிட்டுச் சுவரில் ஒட்டுக. ஒவ்வொருவர் ஆயுளையும் ஒவ்வொரு நிறத்தில் நீட்டுக. நாவலர் கோடு 1879இல் முடியும். கிறீன் கோடு 1884இல். கிறீன் யாழ்ப்பாணத்தில் இருந்த 1847–1857, 1862–1873 ஆகிய ஆண்டுகளை மட்டும் தடிப்பாக வரைக. 1876, 1877ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோயும் பஞ்சமும் வந்து, நாவலர் பொருள் தண்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியபோது கிறீன் வைத்தியர் எங்கே என்று பிள்ளை கேட்கும். அவர் ஊர் திரும்பிவிட்டார். அங்கிருந்தும் தமிழ் வைத்திய நூல்களையே எழுதிக்கொண்டிருந்தார். இத்தகைய கேள்விகள் மனனஞ் செய்த ஆண்டுகளிலிருந்து எழா. கோட்டைப் பார்த்த கண்ணிலிருந்தே எழும்.

இனி, சொல்லுதற்குக் கூச்சமான ஒன்று. பெரியார் வரலாறுகளை எம்மவர் எழுதும் முறையிற் குற்றம் என்பது எவர்க்கும் கிடையாது. பிறந்தார், சிறந்தார், மறைந்தார் என்று முடியும். எமது கல்லூரி மலர்களும் இதற்கு விலக்கல்ல. நாவலர் சாதி வேற்றுமையை ஏற்று, அவ்வொழுக்கம் பேணப்படவேண்டும் என்று கருதியவர் என்பதை வளர்ந்த பிள்ளைக்கு மறைத்தல் ஆகாது. மறைத்தால், 1920களின் இறுதியில் எம் பாடசாலைகளிற் சமாசனம் வேண்டிக் கிளர்ச்சி எழுந்தது ஏன், 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசம் கேட்டு மக்கள் ஏன் அமர்ந்தனர் என்பவை பிள்ளைக்கு விளங்கா. சொன்னால் நாவலர் பெருமை குன்றிவிடும் என்று அஞ்சுவோர், அவர் பெருமையை மிக மெல்லிய நூலிற் கட்டித் தொங்கவிட்டிருக்கின்றனர் என்றே நாம் நினைக்கின்றோம். அவரோடு காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளையும் (1892–1947) வைத்துப் பாருங்கள். அதே சைவம், அதே தமிழ், அதே பள்ளி நிறுவும் ஆர்வம். ஆயினும் அடிகள் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் முதல் தமிழ்ப் பேராசிரியராய் இருந்த காலத்தில் அயலேயிருந்த திருவேட்களத்து ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று தொண்டு செய்தார். இருவர்க்கும் இடையில் எழுபது ஆண்டு. அந்த எழுபது ஆண்டில் என்ன நேர்ந்தது என்று தேடுவதே அவ்வகுப்பின் பாடம்.

அற்புதச் செய்திகளையும் தள்ளிவிட வேண்டியதில்லை. நாவலர் ஒன்பது வயதில், தந்தையார் முடிக்காது விட்டுச் சென்ற நாடகத்தைப் பாடி முடித்தார் என்று அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். ‘இதைக் கண்டவர் யார்? எழுதியவர் எப்போது எழுதினார்?’ என்று கேட்கப் பழக்கினாற் போதும். கதையும் கெடாது, அறிவும் கெடாது.

புகழ்பெற்றோர் வரிசையிற் பெண்கள் அரியர். 1824இல் உடுவிலிற் பெண்கள் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெயரைச் சொன்னபின் அந்நூற்றாண்டில் அடுத்த பெயருக்கு நாம் தயங்குகின்றோம். இக்குறையை வீடே தீர்க்கவல்லது. சுவரிலுள்ள சுருளில் பாட்டியின் கோட்டையும் பூட்டியின் கோட்டையும் வரைய இடம் உண்டு. 1905இற் காங்கேசன்துறைவரை புகைவண்டி வந்தபோது அவர் வீட்டில் யார் இருந்தனர்? மலாயாவுக்கு உத்தியோகம் தேடிப் போனவர் யார். அவர் அனுப்பிய பணத்தில் எந்தக் காணி வாங்கப்பட்டது? 1945இல் இலவசக் கல்வி வந்தபோது பள்ளிக்குப் போனவர் யார், சமையலறையிலேயே நின்றவர் யார்? ஒரு குடும்பத்திற் பூட்டியார் 1931ஆம் ஆண்டிலேயே வாக்களித்தார் என்று பெருமையோடு சொல்லப்படலாம். சர்வசன வாக்குரிமை வந்த ஆண்டு அதுவே. ஆனால் வாலிப காங்கிரசின் அழைப்பினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தொகுதிகள் நான்கிலும் அத்தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது. 1934இற்றான் அங்கு இடைத்தேர்தல்கள் நடந்தன. பூட்டியார் பொய் சொன்னாரல்லர். நினைவு ஆண்டுகளை ஒன்றோடொன்று கலந்துவிடும். குடும்பக் கதையும் நூற்செய்தியும் முரண்படும் அந்த இடத்திற் பிள்ளை அடையும் வியப்பை எந்தப் பரீட்சையும் தரமாட்டாது. பரீட்சை இல்லாமை வீட்டுக் கல்வியின் தனிச் சுதந்திரம். ஒரு வாழ்க்கையில் ஒரு மாதம் தங்கினாலும் பாடத்திட்டம் பின்தங்கிவிட்டதென்று கேட்பார் இலர்.

பத்துப் பன்னிரண்டு வயதினர்க்கு வாசித்துக் காட்டுவதற்கு உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ மிகவும் ஏற்றது. முழுவதையும் வாசிக்க வேண்டுவதில்லை. அவர் ஆசிரியரைத் தேடி அலைந்ததும், ஏடு தேடி அலைந்ததும் போதும். தம் குறையைத் தாமே சொல்லும் வாழ்க்கை வரலாறு எம்மொழியில் அரிது என்பதால் அதனை முதலிற் சொல்கின்றோம். நாவலர் சரித்திரத்துக்குக் கைலாசபிள்ளையவர்கள் எழுதியது உண்டு. நடை கடினமாதலின் பெற்றோர் முன்னதாகப் படித்துத் தம் வாயாற் சொல்லுதல் நன்று.

இத்தகைய பழைய நூல்கள் பல யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தில் இருந்தன. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் அந்நூல்நிலையத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. 2005இல் இளைஞர் சிலர் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூல்நிலையத்தில் இன்று ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எத்தேசத்திலிருந்தும் இலவசமாக வாசிக்கலாம். பழைய மாணவர் வீடுகளில், பெட்டிக்குள்ளும் பரண்மேலும், பாட்டனார் கையெழுத்திட்ட வரலாற்று நூல்களும், கல்லூரி மலர்களும், கல்வெட்டு எனப்படும் நினைவு மலர்களும் இன்னும் கிடக்கக்கூடும். அந்தியேட்டிக்கு அச்சிட்ட அச்சிறு புத்தகங்களில் ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறை வமிசாவளி அச்சாகியிருப்பதைப் பலர் மறந்திருப்பர். அவற்றைப் பிரதிசெய்து சங்கத்துக்கு அனுப்புவோருக்கு நன்றியுடையோம். மூலத்தைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள், சுவரிலுள்ள சுருளிற் பாட்டியின் கோட்டுக்கு ஆண்டு குறிக்க அது வேண்டியிருக்கும்.